மேல் லயத்து வெளிச்சம்

அம்மாக்கண்ணு பிறந்தது தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தின் மூன்றாம் காம்பராவில். வாழ்க்கைப்பட்டது அதே லயத்தின் ஆறாம் காம்பராவுக்கு. மூன்று வாசல் தாண்டுவதற்குள் பெண்ணழைப்பு முடிந்துவிடுமே என்று அவளைக் கோயில் வரைக்கும் கூட்டிப்போய்ச் சுற்றி அழைத்துவந்தார்கள். ஏழாம் காம்பராவில் இருந்த வீரய்யா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். “வெளியூர் சம்பந்தம். பஸ்ஸே கெடையாது” என்பான். அவன் சிரித்தால் லயம் முழுவதும் கேட்கும்.

லயம் என்றால் வரிசையாகப் பத்து அறை, அறைக்கு ஒரு குடும்பம். பத்துக் காம்பராவுக்கும் ஒரே தகரக் கூரை. இடைச்சுவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி அப்படியே நின்றுவிட்டன. கூரையைத் தொடவில்லை. கட்டிய வெள்ளைக்காரனுக்கு அதற்கு மேல் செங்கல் வாங்க மனம் வரவில்லை போலிருக்கிறது. முதல் காம்பராவில் யாராவது இருமினால் பத்தாம் காம்பராவிலிருந்து கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்லிக் குரல் வரும். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் எல்லாருக்கும் பசிக்கும். புருஷன் பெண்சாதி சண்டையில் மூன்றாவது வீட்டுக்காரர் படுத்தபடியே தீர்ப்புச் சொல்வார். ரகசியம் பேச வேண்டியவர்கள் தேயிலைக்குள் போய்த்தான் பேசினார்கள்.

அம்மாக்கண்ணு அந்தக் கூரைக்குக் கீழே வளர்ந்தாள், கொழுந்து பறித்தாள், ஒரு மகனைப் பெற்றாள், புருஷனைப் பறிகொடுத்தாள், பென்ஷன் வயதுக்கு வந்தாள். அவள் புருஷன் இறந்த அன்று அவள் அழுவதற்கு முன்னால் எட்டாம் காம்பராவில் அழுதுவிட்டார்கள்.

பிறகு தனி வீடுகள் வந்தன. பெரிய ரோட்டுக்குப் பக்கத்தில் நிலத்தைச் சமப்படுத்தி வரிசையாகக் கட்டினார்கள். மேல் லயத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு இறங்கின. அவளுடைய மகன் பிரதாப்புக்கும் வீடு கிடைத்தது. அவனும் அவன் பெண்சாதி வினோதாவும் போனபோது அம்மாக்கண்ணுவும் கூடவே போனாள். அங்கே சுவர்கள் கூரை வரைக்கும் போயிருந்தன. கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டில் ஆள் உண்டா இல்லையா என்றே தெரியவில்லை. அவள் தூக்கமில்லாமல் புரண்டாள். மாடு கட்ட அங்கே இடமும் இல்லை. மாடு பழைய கொட்டிலிலேயே நின்றது. காலையும் மாலையும் அவள் மலை ஏறிப் பால் கறந்துவிட்டு இறங்கினாள். ஒருநாள் ஏறியவள் இறங்கவில்லை.

“செவலை கத்துது. விட்டுட்டு வர முடியல” என்று ஃபோனில் சொன்னாள்.

செவலை கத்தவில்லை. அது அசைபோட்டுக்கொண்டிருந்தது.

பத்துக் காம்பரா லயத்தில் அவள் ஒருத்தி. காம்பராக்களில் விட்டுப்போன காலண்டர்கள் சுவரில் ஆடின. இருமினால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மின்சாரம் இருந்தது, மழை பிடித்தால் இல்லை. பத்துக் குடும்பம் இருந்தபோது கம்பி அறுந்தால் நாலு பேர் போய் நச்சரித்து ஆளைக் கூட்டிவருவார்கள். ஒருத்திக்காக யார் மலை ஏறுவது?

மழைக்காலத்தில், கரண்டு போன ஓர் அந்தி நேரத்தில்தான் கூரைமேல் ஆள் ஏறினான்.

அவள் கதவைச் சாத்திவிட்டுச் சோற்றில் கை வைத்திருந்தாள். பத்தாம் காம்பராவுக்கு மேல் தகரம் அமுங்கும் சத்தம் கேட்டது. பூனை நடந்தால் அப்படி அமுங்காது. கூரை ஒன்றுதான் என்பதால் அங்கே கால் வைக்க இங்கே குறுக்குக் கட்டையிலிருந்து அவள் தட்டில் புகைக்கரி உதிர்ந்தது. பிறகு ஆணி பிடுங்கும் சத்தம். ஒவ்வோர் ஆணியும் கத்திக்கொண்டு வந்தது. அவள் முன்னால் குப்பி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அவள் ஊதி அணைத்தாள்.

பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவளை உறுத்தியது அதுதான். வந்தவன் அணைக்கவில்லை. அவளே அணைத்தாள்.

விடிந்து பார்த்தால் பத்தாம் காம்பராவுக்கு மேல் வானம் தெரிந்தது. அடுத்த மழைக்கு ஒன்பதாம் காம்பராவின் தகரமும் கதவும் போயின. தகரம் அந்தக் கோடியிலிருந்து அவளுடைய பக்கமாகக் கழன்று வந்துகொண்டிருந்தது. இரண்டாவது தடவை அவள் பிரதாப்புக்கு ஃபோன் எடுத்தாள். அவன் வந்து சேர்வதற்குள் கூரை அமைதியாகிவிட்டது. நனைந்துபோய் வந்தவன் துவாலையை வாங்கிக்கொள்ளாமலே பேசினான்.

“போதும்மா. மாட்ட வித்துட்டு ஒன்னயத் தூக்கிட்டுப் போயிர்றேன்.”

“நீ என்னயத் தூக்குவியா? அரிசி மூட்டைக்கே ஆள் தேடுற ஆளு.”

“சிரிக்காத. ஒனக்குப் பயமா இல்லையா?”

“இருட்டுக்குத்தான் பயம். வெளிச்சம் இருந்தா எனக்கு என்னா பயம்?”

பிரதாப் நிமிர்ந்து தகரத்தைப் பார்த்தான். “சரி. நல்ல டோர்ச்சா ஒன்னு வாங்கி வச்சுக்க. அதுக்கப்புறமும் பயந்துக்கிட்டு எனக்கு ஃபோன் எடுத்தியோ, அன்னைக்கே மாடு போயிரும். நீயும் வந்துரணும். பேச்சு மாறக் கூடாது.”

“மாற மாட்டேன்” என்றாள்.

மறுநாள் பால் ஊற்றிவிட்டு மஸ்கெலியாவுக்கு பஸ் ஏறினாள். டவுனில் ஹலீம் நானாவின் கடையில் பல்பு, வயர், ரேடியோ பெட்டரி, குடைக்கம்பி எல்லாம் உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் காலத்தில் குடைக்கும் இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்குக்கும் அவளுக்கு அந்தக் கடைதான்.

“டோர்ச்சு வேணும் நானா. நல்ல வெளிச்சமா.”

“என்னத்துக்கு? மாட்டுக் கொட்டிலுக்கா, கக்கூசுக்குப் போகவா?” என்று கேட்டுக்கொண்டே அவர் பச்சையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் டோர்ச்சுகளை எடுத்துப் பரப்பினார்.

“வீட்டுக்கு.”

“வீட்டுக்குன்னா?”

“ஆள் வந்தா.”

ஹலீம் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். மேசையில் பரப்பியதையெல்லாம் ஒரே கையால் வாரி ஒதுக்கினார். கண்ணாடி அலமாரியைத் திறந்து உள்ளேயிருந்து கறுப்பாக மூன்றை எடுத்து வைத்தார். இரும்புக் குழாய்த் துண்டுகள் போலிருந்தன.

“இது மூணும் சார்ஜ் போடுறது. ஃபோன் வயரே போதும். இந்த நீளமானது நல்லா தூரம் போகும். தலையத் திருப்பினா வெளிச்சம் குவியும், விரியும். அஞ்சு வகையா எரியும் பாருங்கோ.” அமுக்கிக் காட்டினார். முழு வெளிச்சம், அரை வெளிச்சம், கண்ணில் குத்துவதுபோல விட்டு விட்டு மின்னல், அப்புறம் வேறு ஒரு மாதிரி மின்னல், கடைசியில் மங்கல்.

அம்மாக்கண்ணு அதை வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் பொத்தானைத் தேடினாள். பக்கவாட்டில் இருந்தது. அமுக்கினாள். மங்கலாக எரிந்தது. மறுபடி அமுக்கினாள், மின்னியது. கண்ணைத் திறந்தாள்.

“இது ஆகாது நானா. கை நடுங்கும். நான் அமுக்கி அமுக்கி நல்ல வெளிச்சத்தத் தேடிக்கிட்டு இருக்கயில வந்தவன் வேலைய முடிச்சிட்டுப் போயிருவான்.”

“அதுவும் உண்மதான்.” அவர் இரண்டாவதை நீட்டினார். குட்டையாக இருந்தது. அதற்குப் பொத்தான் அடியில். மேலே தூக்கிப் பிடித்தால் பெருவிரல் தானாகவே அதன்மேல் போய் உட்கார்ந்தது. அமுக்கியதும் ஒரே வெளிச்சம்தான், முழு வெளிச்சம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும், தலைகீழாக எடுத்தாலும், சேலைக்குள்ளிருந்து எடுத்தாலும் கை தவறவில்லை. மூன்றாவதை அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“இது என்னா வாயில பல்லு மாதிரி?”

“கிட்ட வந்தா இடிக்க.”

“எங்க?”

“மூக்குல.”

அவள் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்தாள். “மூக்க ஒடச்சுட்டு நாந்தான் மஞ்சப் பத்துப் போடணும். வெளியாள் யாரு நானா அம்புட்டு தூரம் மலை ஏறி வர்றான்?”

“இடிக்க வேணாம். வெளிச்சத்த மூஞ்சியில அடிங்கோ. அவனுக்குக் கண்ணு தெரியாமப் போகும். யாருன்னு நீங்க நல்லாப் பாத்துடலாம்.”

“பாத்துட்டு?”

“பாத்துட்டு என்ன, போலீசுல சொல்லலாம்.”

“பாத்துட்டேன்னா அப்புறம் கோயில்ல, கடையில, பஸ்ஸுல அந்த மூஞ்சியிலதானே முழிக்கணும்? யாருன்னு எனக்குத் தெரிய வேணாம் நானா. இங்க ஆள் இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சாப் போதும்.”

ஹலீம் தாடியைச் சொறிந்துகொண்டார். “அப்படி ஒரு சாமான் இன்னும் யாரும் செய்யல்லையே” என்றார்.

அவளைக் கடைக்குப் பின்னாலிருந்த இருட்டுச் சாமான் அறைக்குக் கூட்டிப்போய்க் குட்டை டோர்ச்சை அமுக்கித் தரையில் நிமிர்த்தி வைத்தார். வெளிச்சம் வெள்ளைக் கூரையில் பட்டு அறை முழுவதும் கொட்டியது. மூலையிலிருந்த குடைக்கட்டுகூடத் தெரிந்தது.

“கரண்டு இல்லாத நாள்ல நாங்க இப்படி வச்சுத்தான் சோறு தின்றது. எதிர்ல பிடிச்சா மனுசன் கண்ணு கூசும். கூரைக்கு அடிச்சா ஒருத்தருக்கும் தொந்தரவில்ல.”

“தூரம் போகுமா?”

“கடைக்குள்ள எங்க தூரம் ஈக்குது? வீட்டுக்குப் போய் வெளியில அடிச்சுப் பாருங்கோ.”

வீட்டுக்குப் போனதும் சார்ஜ் போட்டாள். சார்ஜ் ஏறி முடிவதற்கும் கரண்டு போவதற்கும் சரியாக இருந்தது. தூறல் பிடித்துக்கொண்டது. பொழுது இறங்கி, மலையிலிருந்து பனி புகையாக வந்து தேயிலையை மூடத் தொடங்கியிருந்தது. கூரையில் சத்தமில்லை. ஆனாலும் அவள் டோர்ச்சோடு வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்றாள்.

முதலில் கொட்டிலுக்கு அடித்தாள். செவலையின் இரண்டு கண்களும் பச்சையாக எரிந்தன. கொய்யா மரத்துக்கு அடித்தாள். இலை இலையாகத் தெரிந்தது. வடிகால் கானில் ஓடும் தண்ணீர் தெரிந்தது. தேயிலைச் சரிவில் ஓட்டினாள். தான் கொழுந்து பறித்துக் கவ்வாத்து வெட்டுக்கு விட்டுவந்த செடிகளெல்லாம் மழையில் நின்றன. வெளிச்சம் இன்னும் போயிற்று. பனிக்குள் ஒரு வெள்ளைத் தூண் சாய்ந்து விழுந்ததுபோலப் போய்ச் சரிவின் அடியில் இன்னும் குடும்பங்கள் இருந்த பணிய லயத்தில் முட்டியது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருட்டிய பிறகு இவ்வளவு வீடுகளை அவள் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. தண்ணீர்த் தாங்கி, துணிக்கொடி, தோட்டத் தலைவர் அழகன் வீட்டு வாசல், நாகலெட்சுமி வீட்டு வாசல். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும் அங்கிருந்து இங்கேயும் ஒவ்வொரு வாசலாகத் தடவிக்கொண்டு போனாள். யாரோ வெளியே வந்து கையைப் புருவத்தில் வைத்து மேலே பார்த்தார்கள். மரியாதைக்கு வெளிச்சத்தை விலக்கினாள். மறுபடி கொண்டுவந்தாள். இப்போது இன்னும் சிலர் வாசலில் நின்றார்கள். என் டோர்ச்சைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் ஆட்டிக் காட்டினாள்.

பிறகுதான் அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதைக் கண்டாள். ஒருத்தி தலையில் மூட்டை. ஒருவன் கிழவரை முதுகில் சுமந்திருந்தான். எல்லாரும் ஒரே பக்கமாக, பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினார்கள்.

டோர்ச்சை அணைத்தாள். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெருமழையில் இரண்டு லயங்களுக்கும் நடுவே மண் சரிந்து ஒரு கொட்டிலை மூடியிருந்தது. அதன் பிறகு கோயில் முற்றத்தில் கூடி ஒரு ஏற்பாடு செய்தார்கள். மழை நாட்களில் மேல் லயத்தில் இருப்பவர்கள் மண்மேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெடிப்பு விரிந்தாலோ கானில் சேறு வந்தாலோ கீழே பார்த்து டோர்ச்சை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். கீழே உள்ளவர்கள் என்ன ஏதென்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். அந்தக் கூட்டத்தில் அம்மாக்கண்ணுவும் இருந்தாள். எல்லாரோடும் சேர்ந்து சரி என்று சொன்னாள். மேல் லயம் காலியான பிறகு அந்த ஏற்பாட்டை யாரும் மாற்றவில்லை. அவள்தான் மறந்துபோனாள்.

கத்தினாள். மழையில் அவள் குரல் கொய்யா மரத்தைத் தாண்டவில்லை. நாகலெட்சுமிக்கு ஃபோன் எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் ஃபோனை எங்கே எடுப்பாள்? வேறு வழியில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினாள். இருட்டு, வழுக்கு. கையில் டோர்ச் இருந்தது. பற்றவைக்க முடியவில்லை. அவள் இறங்க இறங்க அதுவும் ஆடும். கண்டால் இன்னும் வேகமாக ஓடுவார்கள். கல்லைக் காலால் தேடித் தேடி, தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள்.

பள்ளிக்கூடத்து மண்டபத்தில் இரண்டு மெழுகுவர்த்தி எரிந்தன. அவளைக் கண்டதும் எல்லாரும் எழுந்தார்கள். அழகன் முன்னால் வந்தார். தலை நரைத்தவர், தோட்டத்தில் யார் சண்டைக்கும் அவர்தான் போவார்.

“எங்க சரிஞ்சிச்சு? ஒனக்கு ஒன்னும் ஆகலியே?”

“சரியல தலவரே.”

“பின்ன?”

அம்மாக்கண்ணு கையிலிருந்ததைக் காட்டினாள். “டோர்ச்சு வாங்குனேன். எம்புட்டு தூரம் போகுதுன்னு பாத்தேன்.”

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “நல்ல டோர்ச்சுதான். பள்ளிக்கூடம் வரைக்கும் போயிருச்சே.”

அதற்குச் சிலர் சிரித்தார்கள். நாகலெட்சுமி சிரிக்கவில்லை. அவள் மடியில் கைப்பிள்ளை அழுதுகொண்டிருந்தது. “வெளையாட்டா பெரியம்மா இது? சோத்தப் போட்டு அப்புடியே வச்சிட்டு ஓடியாந்தேன். இந்நேரம் நாய் தின்னுட்டுப் போயிருக்கும். இவரு மாமாவ முதுகுல சொமந்துக்கிட்டு எத்தன எடத்துல வழுக்குனாருன்னு கேளுங்க.”

“நான் நல்லாத்தான் வந்தேன்” என்றார் பெஞ்சில் படுத்திருந்த மாமனார்.

“மன்னிச்சுக்கடி. மறந்துட்டேன்” என்றாள் அம்மாக்கண்ணு.

“மறந்துட்டியா?” அழகனின் குரல் இப்போதுதான் ஏறியது. “மேல நீ ஒருத்தி இருக்கன்னுதான் மழையில நாங்க கண்ண மூடுறோம். மண்ணு அசைஞ்சா அம்மாக்கண்ணு காட்டும்னு பிள்ளைகளப் படுக்கப் போடுறோம். நீ மறந்துட்டேங்கிற.”

“எங்கிட்ட யாரும் சொல்லலியே.”

“இதச் சொல்லணுமா? மேல இருக்கிறவங்க பாத்துக்கணும். அதுதானே பேச்சு?”

மழை பெய்த ஒரு நாளும் அவள் போய் மண்மேட்டைப் பார்த்ததில்லை. கூரையைக் கேட்டுக்கொண்டு போர்வைக்குள் கிடந்தாள். கீழே இத்தனை பேர் அவளை நம்பிப் படுத்திருந்தது அவளுக்குத் தெரியாது. அவள் படுத்திருந்த விதம் அவர்களுக்கும் தெரியாது.

“நான் பயந்தா என்னத்தக் காட்டுறது தலவரே?” என்று கேட்டாள்.

“ஒனக்கு என்னா பயம்?”

“கூரை மேல ஆள் நடக்குது. தகரத்தக் கழட்டுறாங்க.”

நாகலெட்சுமியின் புருஷன் இடுப்புச் சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் மழையைப் பார்த்தான்.

“ஒரு தகரத்த எடுத்துத் தட்டுங்க, நாங்க வந்துருவோம்” என்றது பின்னாலிருந்த அதே குரல்.

“தகரத்தத் தட்டினா பன்னி எறங்கிருச்சுன்னுதானே நெனப்பீங்க? நீங்களும் உள்ளுக்கு இருந்துக்கிட்டு தகரத்தத் தட்டுவீங்க.”

“அப்ப தப்பு மேளம் அடிங்க.”

“தப்பு அடிச்சா, நான் செத்துட்டேன்னு வருவீங்க.”

இதற்கும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். “டோர்ச்சக் காட்டினா இந்தப் பக்கம் ஓடுவீங்க” என்று முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஓர் அடையாளம் இருந்தது. தனியாக இருக்கிற ஒருத்தி பயந்தால் காட்டுவதற்கு மட்டும் எதுவும் இல்லை. லயத்தில் யாரும் தனியாக இருந்ததில்லை.

விடிந்ததும் அவள் ஒரு போத்தல் பாலை எடுத்துக்கொண்டு நாகலெட்சுமி வீட்டுக்குப் போனாள். பிள்ளைக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை என்று நாகலெட்சுமி சொன்னாள். கோபம் போயிருந்தது. தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனாள். அம்மாக்கண்ணு வாசல் கட்டையில் உட்கார்ந்தாள். எதிரே புதிதாகக் கட்டிய கோழிக்கூடு இருந்தது. அதன்மேல் ஒரு பழைய தகரம். ஆணி ஓட்டைகளை அடைக்கத் தார் வைத்த புள்ளிகள் அதில் வரிசையாக இருந்தன. ஒன்று மட்டும் பெரிதாக, சிந்திய மாதிரி. ஒன்பதாம் காம்பராவில் ஒழுகியபோது வீரய்யா கூரையில் ஏறித் தார் வைத்தான். ஏணியைப் பிடித்தவள் அம்மாக்கண்ணு. தார் சிந்தியது அவள் ஏணியை ஆட்டியதால்தான். அதற்காக அவன் ஒரு கிழமை முழுவதும் அவளை ஏசிக்கொண்டிருந்தான்.

நாகலெட்சுமி தேத்தண்ணியோடு வந்தாள். “சீனி போதுமா பெரியம்மா?”

“போதும்” என்றாள் அம்மாக்கண்ணு. குடித்து முடித்தாள். கோழி எத்தனை என்றுகூடக் கேட்கவில்லை.

பிரதாப் அன்று மத்தியானமே வந்துவிட்டான். கதை அதற்குள் பெரிய ரோட்டுக்கு இறங்கிவிட்டிருந்தது. வழியில் அழகனையும் பிடித்து அழைத்துவந்தான், சாட்சிக்கு.

“ஊரே சிரிக்குதும்மா. வினோதா வெளிய தல காட்ட முடியலங்கிறா. பேச்சு பேச்சுதான். மாட்டுக்கு ஆள் சொல்லிட்டேன்.”

“நான் ஒனக்கு ஃபோன் எடுத்தேனா?” என்று அம்மாக்கண்ணு கேட்டாள்.

“என்னா?”

“பயந்துக்கிட்டு ஃபோன் எடுத்தாத்தானே மாடு போகும்? அதுதானே பேச்சு. நான் எடுக்கல.”

பிரதாப் அழகனைப் பார்த்தான். “நீங்க சொல்லுங்க தலவரே. ராவோட ராவா ஒங்களையெல்லாம் ஓட வச்சிருக்கு. இதுக்கு மேல இங்க விட்டு வைக்கலாமா?”

அழகன் மண்மேட்டை ஒரு பார்வை பார்த்தார். கானைப் பார்த்தார். பிறகு, “இருக்கட்டும் தம்பி” என்றார். “மேல ஒரு ஆள் வேணும்.”

“அப்ப ஒங்க லயத்துல இருந்து ஒரு ஆள அனுப்புங்களேன்.”

“யாரு வருவா இங்க?” என்றார் அழகன், மிகவும் இயல்பாக. பிறகு அம்மாக்கண்ணுவின் பக்கம் திரும்பினார். “அந்த டோர்ச்சு நல்ல சாமான். பனிக்குள்ளயும் தெளிவாத் தெரிஞ்சிச்சு. பத்திரமா வச்சுக்க. ஆனா வெளியில சும்மா அடிக்காத. மண்ணுக்கு மட்டும்.”

“சரி தலவரே.”

அவர்கள் இறங்கிப் போனார்கள். பிரதாப் மட்டும் பாதித் தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தான். அவள் கையை ஆட்டினாள். பிறகு, ஆட்டலாமா என்று யோசித்துக் கையைக் கீழே போட்டாள்.

அன்றும் மழை. இருட்டுவதற்கு முன் ஒரு தடியை எடுத்துக்கொண்டு மண்மேட்டுக்குப் போனாள். பழைய வெடிப்பில் தடியை விட்டுப் பார்த்தாள். கானில் இறங்கிக் கையால் தண்ணீரை அள்ளினாள். தெளிவாக இருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு விட்டாள். செவலையைக் கட்டி, கதவைச் சாத்தி, உலை வைத்தாள். கரண்டு போனது.

குப்பி விளக்கைத் தேடிய கை டோர்ச்சில் பட்டது. வெளியே அடிக்கக் கூடாது. கூரை மேல் ஏறுகிறவன் முகத்தில் அடிக்கவும் அவளுக்கு மனமில்லை. இப்போது முன்னைவிடவும் இல்லை. ஹலீம் நானாவின் சாமான் அறை நினைவுக்கு வந்தது. டோர்ச்சை அமுக்கித் தரையில் நிமிர்த்தி வைத்தாள்.

போன வருடக் காற்றில் அவளுடைய காம்பராவின் தகரம் பறந்துபோய்த் தோட்டத்து நிர்வாகம் புதுத் தகரம் போட்டிருந்தது. புகை இன்னும் முழுதாகப் படியவில்லை. வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தது. தெறித்தது அவளுடைய அறையோடு நிற்கவில்லை. கூரையைத் தொடாத சுவர்களுக்கு மேலாக வழிந்து இந்தப் பக்கம் வீரய்யாவின் காம்பராவுக்குள் போனது. அந்தப் பக்கம் ஐந்தாம் காம்பராவுக்குள் போனது. குறுக்குக் கட்டைகளின் நிழல் இரண்டு பக்கமும் லயத்தின் கோடி வரைக்கும் ஓடியது.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து பார்த்தாள். கதவு போன வாசல்களிலும், பலகை விரிந்த ஜன்னல்களிலும், எல்லாக் காம்பராவிலும் வெளிச்சம். தகரம் போன ஒன்பதிலும் பத்திலும் அது மங்கலாக மேலே எழும்பி மழைக்குள் நின்றது. எல்லாரும் சோறு ஆக்கும் நேரம் போலிருந்தது. மழையில் நனைந்தபடி அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செவலையும் பார்த்தது.

உள்ளே ஃபோன் அடித்தது. நாகலெட்சுமி.

“பெரியம்மா, மேல ஒரே வெளிச்சமா இருக்கே. ஆடல, அப்புடியே நிக்கிது. ஓடணுமா?”

“வேணாம். இருங்க.”

“மண்ணு?”

“பாத்தேன். தண்ணி தெளிவாத்தான் போகுது. பிள்ளையப் படுக்கப் போடு.”

நாகலெட்சுமி ஃபோனை வைக்கவில்லை. பின்னால் ஓர் ஆண் குரல் ஏதோ சொன்னது.

“அவரு கேக்குறாரு பெரியம்மா. லயத்துல யாரு யாரெல்லாம் வந்திருக்காங்கன்னு.”

அம்மாக்கண்ணு நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

“ஆள் இருக்குன்னு சொல்லு” என்றாள்.

சோற்றை இறக்கி வைத்துச் சாப்பிட்டாள். தட்டில் கரி விழவில்லை. சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாதே என்று டோர்ச்சை அணைத்தாள். எல்லாக் காம்பராவும் ஒரே நேரத்தில் இருண்டன. பாயை விரித்துப் படுத்து ஒருமுறை இருமினாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. அன்றைக்குக் கூரைமேல் யாரும் நடக்கவில்லை. நடக்கிறார்களா என்று அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.